ஒரே சொல், இரு உரு: திருவனந்தபுரம் தன் பெயர்ப்பலகைக்கு எழுத்துரு தேடிய வரலாறு

திருவனந்தபுரம் என்னும் ஊர்ப்பெயரை மலையாளத்தில் அச்சிட எத்தனை உருக்கள் வேண்டும்? கேள்வி எளியது, விடை இரண்டு. பழைய லிபியில் ஒன்பது, புதிய லிபியில் பதினொன்று. வேறுபாடு 'ரு', 'பு' ஆகிய இரண்டு இடங்களில் மட்டும் எழுகிறது. பழைய லிபியில் உகரக்குறி மெய்யோடு ஒட்டி ஒரே உருவாக நிற்கும். தமிழில் 'ரு'வும் 'பு'வும் நிற்பதைப் போல. புதிய லிபியில் ரகரம் தனியாகவும் உகரக்குறி அதன் வலப்பக்கத்தில் தனியாகவும் நிற்கும். 'ந்த' மட்டும் இரண்டு லிபிகளிலும் கூட்டெழுத்தாகவே இருக்கிறது. கணினிக்குள் இந்தச் சொல் பதின்மூன்று ஒருங்குறி எண்களாகச் சேமிக்கப்படுகிறது. அந்த எண்களில் பழையது, புதியது என்னும் பேதமே இல்லை. எந்த உருவில் அது திரைக்கு வரவேண்டும் என்பதை எழுத்துரு தீர்மானிக்கிறது.

ஆகவே கேரளத் தலைநகரின் ஒரு பொது நிறுவனம் தன் இணையதள முகப்புப் பட்டைக்கு எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது அழகு, தடிமன், அளவு ஆகியவற்றை மட்டும் தேர்வதில்லை. அரை நூற்றாண்டாக ஓயாத ஒரு லிபி வழக்கில், அறிந்தோ அறியாமலோ, ஒரு தரப்பின் பக்கம் அது நின்றுவிடுகிறது. உரோமன் எழுத்தைப் பயன்படுத்துவோருக்கு இத்தகைய சுமை பெரும்பாலும் இல்லை. ஒரு சொல்லை எந்த எழுத்துருவில் இட்டாலும் அதன் எழுத்திலக்கணம் மாறாது. செருமானியர் பிராக்டூர் எழுத்துக்கும் உரோமன் எழுத்துக்கும் இடையே நூற்றாண்டுக்கணக்கில் நடத்திய விவாதம் ஓரளவு ஒப்பானது எனலாம். அங்கும் மாறியது எழுத்தின் தோற்றமே தவிர, எழுத்துகள் இணையும் விதி அன்று.

இந்நகரத்துக்கு லிபித் தேர்வு புதிய சிக்கலும் அன்று. தென்திருவிதாங்கூரின் ஓலைகளிலும் கல்லிலும் வட்டெழுத்து நீண்டகாலம் வாழ்ந்தது. அதன் பிற்கால வடிவமான மலையாண்மை இப்பகுதியின் ஆவண எழுத்தாக நிலைத்தது. பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்களைப் படிக்க முற்படும் ஆய்வாளர் இன்றைய மலையாள எழுத்தை மட்டும் கற்றுச் சென்றால் வெறுங்கையோடு திரும்ப நேரிடும். இன்றைய மலையாள எழுத்து கிரந்த மரபிலிருந்து வந்தது. வடமொழிக் கூட்டெழுத்துகளின் பெரும்படை அதனோடு வந்து சேர்ந்தது. தி. அ. கோபிநாதராவ் பதிப்பித்த திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையின் பக்கங்களைப் புரட்டினால், ஒரே சமத்தானத்துக்குள் எத்தனை எழுத்துகள் அருகருகே புழங்கின என்பது தெரியவரும்.

1905இல் தொடங்கிய திருவனந்தபுரம் சமற்கிருத நூல்வரிசையும் இங்கே நினைவுகூரத்தக்கது. திருநெல்வேலிச் சீமையில் பிறந்த த. கணபதி சாத்திரியார் அதன் பதிப்பாசிரியர். கேரளத்து ஓலைச்சுவடிகளில் மலையாள எழுத்தில் இருந்த பாசனின் நாடகங்கள் அவ்வரிசையில் நாகரி எழுத்தில் அச்சாயின. காசியிலும் பெர்லினிலும் இருந்த வாசகரை அடைய வேண்டுமானால் வேறு வழியில்லை. ஒரு நூல் எந்த எழுத்தில் தோன்றுகிறதோ அதைப் பொறுத்தே அதன் வாசகர் யார் என்பது முடிவாகிறது. இந்தக் கணக்கைத் திருவனந்தபுரம் இணையத்துக்கு ஒரு நூற்றாண்டு முன்பே போட்டுப் பார்த்துவிட்டது.

அச்செழுத்தின் கதை இன்னும் பின்னோக்கிச் செல்கிறது. அதன் தொடக்கத்தில் நிற்பது தமிழ். 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இந்திய எழுத்தொன்றில் இந்திய மண்ணில் அச்சிடப்பட்ட முதல் நூல். அண்டிரிக் அடிகளார் எனத் தமிழர் அழைக்கும் என்றிக் என்றிக்கசு பாதிரியாரின் முயற்சியில் உருவான அந்நூல் பதினாறே பக்கங்கள் கொண்டது. அதன் இறுதிப் பக்கம் அச்சு வரலாற்றாசிரியர்க்கு ஒரு புதையல். 1577இல் கோவாவில் வார்த்த தமிழ் எழுத்துகளும், 1578இல் கொல்லத்தில் புதிதாக வார்த்த எழுத்துகளும் அங்கே ஒருசேர அச்சிடப்பட்டுள்ளன. முதல் வார்ப்பு நிறைவு தரவில்லை, மீண்டும் வார்த்தோம் என்று அப்பக்கம் சொல்லாமல் சொல்கிறது. தமிழில் முதல் நூல் வெளிவருவதற்கு முன்பே ஓர் எழுத்துரு ஒதுக்கப்பட்டு வேறொன்று தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது! திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே ஒரு பகல் பயணத்துக்கும் குறைவான தொலைவில் நிகழ்ந்த செய்தி இது.

மலையாள எழுத்துக்கு அவ்வாய்ப்பு நெடுங்காலம் தாழ்ந்தே வந்தது. ஆம்சுடர்டாமில் 1678 முதல் வெளிவந்த 'ஓர்த்தூசு மலபாரிக்கூசு' தொகுதிகளில் மலையாள எழுத்து இடம்பெற்றாலும், அது செப்புத்தகட்டில் செதுக்கிய எழுத்து. கோக்கும் அச்செழுத்து அன்று. 1772இல் உரோமில் 'சம்க்ஷேப வேதார்த்தம்' வெளிவந்தபோதுதான் மலையாளத்தில் முழு நூல் ஒன்று வார்ப்பெழுத்தில் அச்சானது. கேரள மண்ணில் அப்பணியை நிலைநிறுத்தியவர் கோட்டயத்துச் சி.எம்.எசு. அச்சகத்தின் பெஞ்சமின் பெய்லி. 1821இல் அச்சகம் தொடங்கியது. சென்னையில் வார்த்து அனுப்பப்பட்ட மலையாள எழுத்துகள் அவருக்கு ஏற்புடையனவாக இல்லை. உள்ளூர்த் தச்சரும் தட்டாரும் துணைநிற்க அவரே எழுத்து வார்க்க முனைந்தார். சதுரச் சாயல் கொண்டிருந்த எழுத்துகளுக்கு வட்டத் திருத்தம் தந்தவராக அவர் போற்றப்படுகிறார். இன்று மலையாளம் என்றவுடன் கண்ணில் தோன்றும் உருண்டை வடிவுக்கு ஓலையும் எழுத்தாணியும் எவ்வளவு காரணமோ, அவ்வளவுக்குக் கோட்டயத்துப் பட்டறையும் காரணம். 1829இல் புதிய ஏற்பாடு, 1846இல் மலையாள–ஆங்கில அகராதி என அந்த எழுத்து வேரூன்றியது. சுவாதித் திருநாள் காலத்தில் திருவனந்தபுரத்தில் அரசு அச்சகம் அமைந்தபோது மலையாள அச்சுக்கலை ஓரளவு முதிர்ந்திருந்தது.

முதிர்ந்திருந்தது என்றாலும் எளிதாகிவிடவில்லை. மெய்யின் கீழ் மெய் அடுக்கி, அதன் கீழ் உகரம் வளைத்து, பக்கத்தில் ரகரம் சுழித்து எழுதும் பழக்கத்தை அப்படியே ஈயத்தில் வார்த்ததால், ஒரு மலையாள அச்சகத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் உருக்கள் தேவைப்பட்டன. 'ஸ்த்ரீ' என்னும் ஒற்றைச் சொல்லுக்கே தனி உரு உண்டு. அச்சுக்கோப்பவரின் முன்னிருந்த எழுத்தறைப் பெட்டிகள் எத்தனை பரப்பை அடைத்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். தட்டச்சுப்பொறியில் இவ்வளவையும் அடக்குவது எண்ணிப்பார்க்கவும் இயலாதது. ஆட்சிமொழி மலையாளம் ஆக வேண்டும். ஆட்சிக்குத் தட்டச்சு வேண்டும். தட்டச்சுக்கு எழுத்து குறைய வேண்டும் என்னும் தருக்கம் 1960களில் வலுப்பெற்றது.

1967இல் மலையாளப் பேரகராதியின் ஆசிரியர் சூரநாடு குஞ்ஞன் பிள்ளை தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. ஏறத்தாழ ஆயிரமாக இருந்த உருக்களை இருநூற்றைம்பது அளவுக்குக் குறைக்க அக்குழு வழி கண்டது. 1969இல் மற்றொரு குழு அப்பரிந்துரையைத் திருத்தியது. 1971 சனவரியில் பெரிய நாளிதழ்கள் புதிய முறையை ஏற்றன. மார்ச் 23இல் அரசாணை வெளிவந்து, ஏப்ரல் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. உகரம், ஊகாரம், ருகரம் ஆகியவற்றின் குறிகள் மெய்யிலிருந்து பிரிந்தன. ரகரச் சேர்க்கை தனிக்குறியாகி மெய்க்கு இடப்பக்கம் நகர்ந்தது. அரிய கூட்டெழுத்துகள் சந்திரக்கலையால் பிளக்கப்பட்டன. 'க்க', 'த்த', 'ந்த', 'ம்ப' போன்று அடிக்கடி வருவன மட்டும் தப்பின.

தமிழ் வாசகர்க்கு இங்கே ஓர் ஒப்பீடு தவிர்க்க முடியாதது. ஏழாண்டுகளுக்குப் பின், 1978 அக்டோபரில் தமிழ்நாட்டரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. அது தொட்டவை பதின்மூன்று எழுத்துகள்: ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ஒகர ஓகார வரிசையில் ஆறு. விதிவிலக்காக நின்றவற்றை விதிக்குள் கொண்டுவந்ததே அதன் பணி. தமிழின் உகர ஊகார உயிர்மெய்கள் முப்பத்தாறையும் அது தீண்டவில்லை. அவற்றையும் இகர ஈகார வரிசைகளையும் சேர்த்து எழுபத்திரண்டு எழுத்துகளைச் சீரமைக்க வேண்டும் என வா. செ. குழந்தைசாமி நெடுங்காலம் வாதிட்டார். 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி அவ்விவாதம் மீண்டும் சூடேறி, எதிர்ப்பின் முன் அடங்கியது. தமிழில் விவாதமாகவே நின்ற ஒன்று மலையாளத்தில் 1971இலேயே ஆணையாகிவிட்டது. உகரக்குறியைப் பிரித்தால் என்ன நேரும் என்று தமிழில் இன்றும் வினவுவோர் கற்பனையில் விடை தேட வேண்டியதில்லை. நாகர்கோவிலிலிருந்து பேருந்தேறினால் போதும்.

நேர்ந்தது என்ன? தட்டச்சுக்கும் அச்சுக்கும் உரிய வசதியாக முன்வைக்கப்பட்ட புதிய லிபி பாடநூல்களுக்குள் நுழைந்தது. அதற்குப் பின் பள்ளி சென்ற தலைமுறைகள் அச்சில் ஒன்றைப் படித்து, கையால் வேறொன்றை எழுதின. வீட்டுப் பெரியவரின் கையெழுத்து ஒருவகை, பாடநூல் இன்னொருவகை, நாளிதழ் இவ்விரண்டின் கலவை. ஒரே அச்சகத்திலேயே சில கூட்டெழுத்துகள் பழைய முறையிலும் சில புதிய முறையிலும் வந்தன. எழுத்தைக் குறைக்க வந்த சீர்திருத்தம் எழுத்துமுறைகளைப் பெருக்கிவிட்டது என்பதே அதன்மீது வைக்கப்படும் கடுமையான குற்றச்சாட்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும், ஈய எழுத்துக் காலத்து அச்சுத் தொழிலாளியின் முதுகுவலியை மறந்துவிட்டுப் பேசுவோர் மட்டுமே அந்த ஆணையை வெறும் அறிவின்மை என்று தள்ள முடியும்.

இந்த ஒழுங்கின் பிடிக்குள் வராத ஓர் இடம் அச்சுலகில் இருந்தது. அதுதான் தலைப்பு. ஈய எழுத்தில் பெரிய அளவுகள் குறைவு. இருந்தவையும் அழகால் புகழ்பெற்றவை அல்ல. ஆகையால் இதழின் பெயர், கதைத்தலைப்பு, நூலட்டை, திரைப்பட விளம்பரம் ஆகியவற்றை ஓவியர்களே கையால் எழுதினர். எழுதியது பிளாக் ஆகி அச்சேறியது. தமிழ் இதழுலகிலும் இதே வழக்கந்தான். தலைப்பு எழுதும் ஓவியருக்கு அரசாணை பொருந்தவில்லை. அவர் உகரத்தை ஒட்டினார், வேண்டுமானால் வரியின் கீழ்வரை இழுத்து வளைத்தார், கூட்டெழுத்தை அடுக்கினார், கதையின் மனநிலைக்கேற்ப எழுத்தை நடுங்கவும் வைத்தார். புதிய லிபியின் ஆட்சி நடந்த ஆண்டுகளில் பழைய லிபி உயிரோடிருந்த இடங்களுள் தலைப்பு முதன்மையானது.

திருவனந்தபுரத்திலிருந்து 1975 முதல் வெளிவந்த 'கலாகௌமுதி' வார இதழ் இக்கலையின் பெருங்களமாக அமைந்தது. அவ்விதழின் படைப்புகளுக்குத் தலைப்பெழுதியதன் வழியே புகழ்பெற்றவர் நாராயண பட்டதிரி. அவருடைய தலைப்புகளில் எழுத்து என்பது படிக்கப்படுவதற்கு முன்பே பார்க்கப்படுகிறது. ஒரு கதையின் பெயரில் உள்ள உகரச் சுழி அக்கதைக்கு வரையப்பட்ட ஓவியத்தின் கோட்டோடு உரையாடும். இன்றைய இணையதள முகப்புப் பட்டைக்கு முன்னோர் யார் என்று தேடினால், கடைவாசலின் தகரப் பலகையைக் காட்டிலும் வார இதழின் இந்தக் கையெழுத்துத் தலைப்பே பொருத்தமான விடை. குறைந்த இடம், ஒரே பார்வை, நிறுவனத்தின் அடையாளம் என்னும் மூன்று நிபந்தனைகளும் அதற்கும் இருந்தன.

கணினி அச்சுக்கோப்பு வந்தபின் அடுத்த குழப்பம் தொடங்கியது. சி-டாக் நிறுவனத்தின் எம்.எல்.-டி.டி. வரிசை எழுத்துருக்கள் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பரவின. ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மேல் மலையாள உருவைப் போர்த்திய ஏற்பாடு அது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற உரோமன் எழுத்துகள் தோன்றும். தமிழில் ஒவ்வொரு நாளிதழும் தனிக் குறியேற்றம் வைத்திருந்த 1990களை நினைவிருப்போர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. இணையத்தில் மலையாள நாளிதழ்கள் தத்தம் எழுத்துருவைப் பதிவிறக்கம் செய்யுமாறு வாசகரைக் கேட்டன. முகப்புப் பட்டைக்கு ஒரே வழி, பெயரைப் படமாக மாற்றி ஒட்டுவது. படம் எல்லாக் கணினியிலும் ஒன்றுபோல் தெரியும். ஆனால் தேடுபொறி அதைப் படிக்காது, பார்வையற்றோருக்குரிய திரைவாசிப்பு மென்பொருளும் படிக்காது. ஒரு நிறுவனத்தின் பெயர் அதன் சொந்த முகப்பில் எழுத்தாக இல்லாமல் ஓவியமாகவே பல ஆண்டுகள் தொங்கியது.

இந்நிலையில் 1999இல் திருவனந்தபுரத்தில் 'ரசனா அட்சரவேதி' தோன்றியது. அதன் முன்னோடி ஆர். சித்ரஜகுமார் கேரள பாஷா இன்ஸ்டிட்யூட்டில் பணியாற்றியவர். 1968இல் நிறுவப்பட்ட அந்நிறுவனத்தின் முதல் இயக்குநர் என். வி. கிருஷ்ண வாரியர், லிபிச் சீர்திருத்தத்தை முன்னின்று ஆதரித்தவர்களுள் ஒருவர். அதே நிறுவனத்தின் மேசையிலிருந்தே அச்சீர்திருத்தத்துக்கு எதிரான வலுவான குரலும் எழுந்தது என்பது கேரள அறிவுலகின் சுவையான முரண். சித்ரஜகுமாரின் வாதம் எளியது: எழுத்தைக் குறைக்கச் சொன்னது தட்டச்சுப்பொறி, தட்டச்சுப்பொறி போய்விட்டது, கணினிக்கு ஆயிரம் உரு ஒரு சுமையே அன்று, பின் ஏன் மொழி இன்னும் வெட்டுண்டு கிடக்க வேண்டும்? பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய கே. எச். ஹுசைன் அந்த வாதத்துக்கு உருக்கொடுத்தார். அவர் வரைந்த 'ரசனா' எழுத்துருவில் பழைய லிபியின் கூட்டெழுத்துகள் ஏறத்தாழ முழுமையாக இடம்பெற்றன. காட்டைப் பற்றிய தகவல்களைத் தொகுக்கும் அலுவலில் இருந்தவர் அழியும் நிலையில் இருந்த உருக்களையும் தொகுத்தார் எனலாம்.

இந்நகரத்தில் அக்காலத்தில் வேறு சில ஆற்றல்களும் ஒன்றுகூடியிருந்தன. டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளின் இந்தியப் பயனர் குழு 1998இல் இங்கே உருவானது, சி. வி. ராதாகிருஷ்ணன் அதன் தூண்களுள் ஒருவர். 2001இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளை இங்கே தொடங்கப்பட்டது. 2002இல் டெக் பயனர்களின் உலக மாநாடு இங்கே நடந்தது. கோழிக்கோட்டில் முளைத்த 'சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்' குழு, ரசனாவின் எழுத்துருக்களை ஒருங்குறிக்கும் கட்டற்ற உரிமத்துக்கும் கொண்டுவந்து பராமரித்தது. ஹுசைனின் 'மீரா' லினக்சு வழங்கல்கள் பலவற்றில் மலையாளத்தின் இயல்புநிலை எழுத்துருவாயிற்று.

எதிர்ப்பக்கத்தில் நின்றது மைக்ரோசாப்டின் 'கார்த்திகா'. 2004இல் விண்டோசு எக்சுபியின் இரண்டாம் திருத்தத் தொகுப்போடு வந்த அது புதிய லிபியில் அமைந்தது. இவ்வாறு ஒரே வலைப்பக்கம் ஒரு கணினியில் 1971க்கு முந்தைய மலையாளமாகவும் மற்றொன்றில் பிந்தைய மலையாளமாகவும் தெரிந்தது. எழுதியவர் எந்த லிபியில் எழுதினார் என்னும் கேள்விக்கே பொருள் இல்லாமற்போனது. லிபியை அரசாணை தீர்மானித்த காலம் போய், வாசகரின் இயங்குதளத்தோடு வந்த எழுத்துரு தீர்மானிக்கும் காலம் வந்தது. 2008இல் ஒருங்குறி 5.1 பதிப்பில் சில்லெழுத்துகளுக்குத் தனி எண்கள் வழங்கப்பட்டபோது மூண்ட சண்டை இதனினும் கடுமையானது. ஒரே சொல்லுக்கு இருவகைச் சேமிப்பு, தேடலில் குழப்பம், இணைய முகவரியில் போலிக்கு வாய்ப்பு என்று எதிர்த்தவர் அடுக்கிய காரணங்கள் பல. அது தனியே விரித்தெழுத வேண்டிய வரலாறு.

வலை எழுத்துரு முறை பரவி, 2012 இறுதியில் வோஃப் வடிவம் உலகளாவிய வலைச் சங்கத்தின் பரிந்துரையானபோது முகப்புப் பட்டையின் நிலை மாறியது. எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பலாம். பெயரை மீண்டும் எழுத்தாகவே வைக்கலாம். ஆனால் அப்போதுதான் இரண்டு லிபிகளின் உடலமைப்பு வேறுபாடு வடிவமைப்பாளர்க்கு உறைத்தது. பழைய லிபி கீழ்நோக்கி வளர்வது; புதிய லிபி பக்கவாட்டில் வளர்வது. முகப்புப் பட்டை என்பதோ அகலம் மிகுந்து உயரம் குறைந்த இடம். அடுக்கெழுத்தும் கீழ்ச்சுழி உகரமும் நிறைந்த பெயரைப் பழைய லிபியில் இட்டால், உரோமன் எழுத்துக்கென அமைத்த வரி உயரத்தில் அடிப்பகுதி வெட்டுப்படும். வெட்டுப்படாமல் காக்க அளவைக் குறைத்தால் உடலெழுத்து சிறுத்துப்போகும். புதிய லிபியில் உயரச் சிக்கல் குறைவு; ஆனால் பெயர் நீளும், கைப்பேசித் திரையில் இரண்டு வரியாக உடையும். மலையாள எழுத்துகள் இயல்பாகவே அகலமானவை என்பதால் இந்த நீட்சி சிறியது அன்று.

இன்னொரு பொறி கண்ணுக்குத் தெரியாதது. பக்கம் விரைவாகத் திறக்க வேண்டும் என்பதற்காக எழுத்துருக் கோப்பிலிருந்து தேவையற்ற உருக்களை நீக்கிச் சுருக்குவது வழக்கம். ஆங்கிலத்துக்கு அது தீங்கற்றது. மலையாளக் கூட்டெழுத்துக்கோ தனி ஒருங்குறி எண் இல்லை; எழுத்துருவின் உள்விதிகளே அதை உருவாக்குகின்றன. எண்ணை மட்டும் நோக்கிச் சுருக்கும் கருவி கூட்டெழுத்தைக் குப்பையெனக் கழித்துவிடக்கூடும். அப்போது திரையில் தோன்றுவது பழைய லிபியும் அன்று, புதிய லிபியும் அன்று. சந்திரக்கலைகள் சிதறிக் கிடக்கும் மூன்றாவது ஒன்று.

தலைப்புக்கென்றே எழுத்துரு தேவை என்னும் உணர்வு இச்சூழலில் வலுத்தது. ரசனாவும் மீராவும் நூலின் உடற்பகுதிக்காகப் பிறந்தவை. பெரிய அளவில் இட்டால் அவற்றின் அடக்கமே குறையாகத் தெரியும். 2016இல் சந்தோஷ் தோட்டிங்கல் வடிவமைத்த 'மஞ்சரி' மூன்று தடிமன்களில், முனைகள் உருண்ட, தடையற்ற வளைவுகளோடு வந்தது. வட்டத்தையே இயல்பாகக் கொண்ட எழுத்துக்கு வளைவின் கணிதத்தை முதன்மையாக்கி வரைந்த எழுத்துரு அது. 2019இல் 'காயத்ரி' வெளிவந்தது. பினோய் டொமினிக் வரைய, காவ்யா மனோகர் அதன் பொறியியலைச் செய்தார், சந்தோஷ் தோட்டிங்கல் திட்டத்தை ஒருங்கிணைத்தார். தலைப்பு, சுவரொட்டி, படக்குறிப்பு ஆகியவற்றுக்கென்றே திட்டமிட்ட அவ்வெழுத்துருவுக்கு நிதி வழங்கியது கேரள பாஷா இன்ஸ்டிட்யூட். ஒரு மாநில அரசின் மொழி நிறுவனம் தலைப்பு எழுத்துரு ஒன்றுக்குப் பொதுப்பணம் தந்து, அதை எவரும் எடுத்தாளத்தக்க கட்டற்ற உரிமத்தில் வெளிவரச் செய்தது கவனத்துக்குரியது. நூலுக்கு மானியம் தருவது பழைய வழக்கம். எழுத்துக்கே மானியம் தருவது புதிது.

பட்டதிரியின் கையெழுத்தும் ஒருவழியாக எழுத்துருவாயிற்று. ரசனா எழுத்துரு நிறுவனம் வெளியிட்ட 'சுந்தர்' பழைய லிபியில் அமைந்த அலங்காரத் தலைப்பு எழுத்துரு. கட்டற்ற எழுத்துருக்களுக்காக ஓயாது வாதாடி 2016இல் மறைந்த சுந்தர் என்பவரின் நினைவாக அதற்கு அப்பெயர். பட்டதிரியின் எழுத்துக்கலை கட்டற்ற எழுத்துருவாக எல்லார்க்கும் கிட்டவேண்டும் என்பது அவருடைய கனவு. இங்கே ஓர் இழப்பையும் சொல்லியாக வேண்டும். கையால் எழுதிய தலைப்பில் ஒரே எழுத்து இருமுறை வந்தால் இரண்டும் வேறுவேறாக இருக்கும். எழுத்துருவில் இரண்டும் ஒன்றே. 'கலாகௌமுதி'யின் தலைப்பு கதைக்குக் கதை மாறியது. எழுத்துருவோ எந்தக் கதைக்கும் ஒரே முகத்தோடு வருகிறது. கலைஞரின் கை எல்லார்க்கும் கிடைத்ததற்குக் கொடுத்த விலை அது.

2022இல் கேரள அரசு லிபியை மறுபடி ஆராய்ந்து, பழைய முறையின் ஒரு பகுதியை மீட்கத் தீர்மானித்தது. அரை நூற்றாண்டுக்குப்பின் வந்த இத்திருத்தம் எல்லாரையும் நிறைவுபடுத்தவில்லை. முழு மீட்சி வேண்டியவர்க்குப் பாதி போதவில்லை, புதிய லிபியில் வளர்ந்த ஆசிரியர்க்குப் பாதியே மிகையாகத் தோன்றியது. எழுத்துரு வடிவமைப்பாளர்க்கு அதன் நடைமுறைப் பொருள், இரண்டோடு மூன்றாவதாக ஓர் எழுத்துமுறையையும் எண்ண வேண்டும் என்பதே.

கேரளத்தில் தமிழும் கன்னடமும் பேசும் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் தொடர்புகொள்ள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே திருவனந்தபுரத்து நிறுவனமொன்றின் முகப்பில் மலையாளம், ஆங்கிலம் ஆகியவற்றின் அருகே தமிழும் வருவது விந்தையன்று. மூன்றையும் ஒரே பட்டையில் நிறுத்தும்போது தமிழ் பெரும்பாலும் தனித்துத் துருத்திக்கொண்டு நிற்கும். மலையாளத்தின் உருண்டைக்கு அருகே தமிழின் நேர்க்கோடுகளும் கட்டங்களும் கடுமையாகத் தெரியும். ரசனாவையும் மீராவையும் வரைந்த ஹுசைன் தமிழுக்கும் ஓர் எழுத்துரு வரைந்தார். 'மீரா இனிமை' என்பது அதன் பெயர்; கட்டற்ற உரிமத்தில் கூகுள் எழுத்துருத் தொகுப்பிலும் அது கிடைக்கிறது. மலையாள மீராவின் கோட்டுத் தடிமனும் வளைவின் போக்கும் தமிழுக்குள் வந்த எழுத்துரு அது. 1578இல் கொல்லத்தில் தமிழுக்கு எழுத்து வார்த்தவர் போர்த்துகீசியப் பாதிரியார். நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்து அதே கேரளத்திலிருந்து தமிழுக்கு மீண்டும் எழுத்து வரைந்தவர் மலையாளி. அதில் 'திருவனந்தபுரம்' என்று தட்டினால் 'ரு'வும் 'பு'வும் ஒட்டியே நிற்கின்றன.